கட்டழகனின் புதன்கிழமைக் கட்டங்கள்

போன மாதம் எங்கள் பத்திரிகையிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. நான் பார்த்துவந்த குறுக்கெழுத்துப் பக்கத்தை இப்போது பார்க்கும் தாமரை பேசினாள்.

"அக்கா, இப்ப கட்டத்த எல்லாம் கம்ப்யூட்டரே போட்டுக் குடுத்துருது. நீங்க எப்படிச் செக் பண்ணுவீங்கன்னு எழுதிக் குடுங்கலா. அதுல என்ன பாக்கணும்னே எங்களுக்குத் தெரியல."

எழுத்துப் பிழை பாருங்கள், எண் சரியா என்று பாருங்கள் என்று நாலு வரியில் எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுத உட்கார்ந்ததும் கை வேறு பக்கம் போனது. இருபத்தாறு வருஷம் அந்தக் கட்டங்களோடு இருந்ததில் நான் உருப்படியாகக் கற்றது சந்தேகப்படுவது ஒன்றைத்தான். அதையும் சரியான நேரத்தில் செய்யத் தவறினேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமாக இருக்காது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில், கீழே துணிக்கடையும் மேலே நாங்களுமாக இருந்த ஒரு கடைவீட்டு மாடியில்தான் எங்கள் அலுவலகம். பிழைதிருத்துபவளாகச் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் பஞ்சாங்கம், ராசிபலன், குறுக்கெழுத்து எல்லாம் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளியவை அவை. குறுக்கெழுத்து தினமும் வரும், ஒவ்வொரு நாளும் ஒரு கருப்பொருள். திங்கள் சமையல் என்றால் முக்கிய விடைகள் எல்லாம் அடுப்பங்கரையிலிருந்து வரும். கருப்பொருளை நாங்கள் தலைப்பாகப் போடுவதில்லை. மூன்றாவது விடையை எழுதும்போது வாசகருக்கே பிடிபட வேண்டும். "அட, எல்லாமே மீன் பேருலா!" என்று ஒரு டாக்சிக்காரர் ஃபோனில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த ஒரு நொடிக்காகத்தான் ஆட்கள் கருப்பொருள் கட்டத்தை விரும்புகிறார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் செய்தி ஆசிரியர் அந்தோணி சார். ஒல்லியான மனிதர். எந்தக் காகிதத்தையும் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். பாராட்டுக் கடிதம் வந்தால், "இவரு எதுக்கு இப்ப பாராட்டுறாரு?" என்று கேட்பார். அச்சுக்குப் போகும் ஒவ்வொரு கட்டத்தையும் முந்தின நாள் மாலையில் அவரே பேனாவால் நிரப்பிப் பார்ப்பார். பென்சிலைத் தொடமாட்டார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை செய்வார். குறிப்புகளை மூடிவைத்துவிட்டு, விடைகளை மட்டும் வரிசையாக வாசிப்பார்.

"குறிப்பு பொய் சொல்லும், கமலா. வார்த்தைதான் அந்தாளக் காட்டிக் குடுக்கும்."

பிறகு சிவப்புப் பேனாவை எடுப்பார். தமிழ்க் கட்டத்தில் ஒரு வசதி உண்டு. வார்த்தை நேராகப் பொருந்தாவிட்டால் வலமிருந்து இடமாகவோ கீழிருந்து மேலாகவோ திருப்பிப் போடலாம். அதுவும் முடியாவிட்டால் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, குறிப்பில் 'கலைந்துள்ளது' என்று எழுதிவிடலாம். கட்டம் போடுகிறவர் எங்கே திணறினாரோ அங்கேதான் இவை இருக்கும். அந்தோணி சார் திரும்பிய, கலைந்த வார்த்தை ஒவ்வொன்றின்மேலும் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். புள்ளிகள் கட்டம் முழுக்கப் பரவியிருந்தால், போட்டவருக்குத் திறமை போதாது. ஒரு மூலையில் மட்டும் குவிந்திருந்தால் நிமிர்ந்து உட்காருவார்.

"நல்லா போடுற ஆளு இங்க மட்டும் ஏன் கஷ்டப்பட்டான்? இதுல ஏதோ ஒரு வார்த்தை அவனுக்குக் கண்டிப்பா வேணும். அத விட மனசில்லாமத்தான் பக்கத்துல உள்ளத எல்லாம் ஒடிச்சிருக்கான்."

இதை நான் முதலில் நம்பவில்லை. பிறகு ஒருமுறை, கல்யாணச் சமையல் பற்றிய ஒரு கட்டத்தில் மூலையில் ஐந்து புள்ளிகள் குவிந்தன. நடுவே நின்ற வார்த்தை ஒரு பெண்பெயர். விசாரித்தால், கட்டம் போட்டவரின் மைத்துனர் புதிதாகத் திறந்த சாப்பாட்டுக் கடையின் பெயர் அது. நாலு வாரமாக இலவச விளம்பரம் ஓடியிருக்கிறது. அலுவலகமே சிரித்தது. அந்தோணி சார் மட்டும் சிரிக்கவில்லை. "இது சாப்பாட்டுக் கடை. அடுத்தது என்னவா இருக்கும்?" என்றார்.

கட்டழகன் எங்களுக்கு எழுத ஆரம்பித்தது நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு. அது புனைபெயர். உண்மைப் பெயரை எழுதப்போவதில்லை. பத்து காவான் என்ற ஊரிலுள்ள ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். முதல் கட்டத்தை அவனே நேரில் கொண்டுவந்து கொடுத்தான். சுத்தமாகச் சவரம் செய்த முகம், தாழ்ந்த குரல், நாற்பது வயதிருக்கும். அதில் ஒரு குறிப்பு: 'கடித்தால் காரம், பார்த்தால் நேரம் (5).' கடி, காரம், கடிகாரம். அதை வாசித்து நான் நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன். அந்தக் கட்டத்தில் சிவப்புப் புள்ளி ஒன்றுகூட விழவில்லை.

புதன்கிழமைகள் அவனுக்கு என்று ஆயின. மாதத்துக்குத் தேவையான நான்கையும் மொத்தமாக அனுப்பிவிடுவான். குறிப்பில் ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட ஃபோன் வரும். "அக்கா, அந்தக் கமா இல்லாட்டி குறிப்பு செத்துரும்லா." வேலையில் இவ்வளவு அக்கறை உள்ளவனை நான் அதுவரை பார்த்ததில்லை. வாசகர்கள் அவனைக் கேட்டு எழுதினார்கள். அந்தோணி சார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள், "இந்தப் பையனுக்குப் புதன்கிழமைய நீ குடுத்தியா, அவன் கேட்டானா?" என்றார். அவன்தான் கேட்டிருந்தான். சார் "உம்" என்றார். ஆனாலும் அவன் கட்டங்களை நிரப்பிப் பார்ப்பதை மெல்ல நிறுத்திவிட்டார். நான் பார்த்தால் போதும் என்றார். நானோ ஏறக்குறைய பார்க்காமலேயே அனுப்ப ஆரம்பித்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு ஃபோன் வந்தது. பெண்குரல். பெயர் சொல்லவில்லை. இங்கே வசந்தி என்று வைத்துக்கொள்கிறேன்.

"குறுக்கெழுத்து பாக்குற அக்காவா? இன்னைக்கு வந்த கட்டம் என்னப் பத்திப் போட்டது."

இந்த மாதிரி ஃபோன்கள் எங்களுக்குப் புதிதில்லை. ராசிபலன் தன் மாமியாரைத்தான் சொல்கிறது என்று ஒருவர் வாராவாரம் பேசுவார். நான் பொறுமையாக, "எந்த வார்த்தைம்மா?" என்றேன்.

"மைனா."

எடுத்துப் பார்த்தேன். அன்றைய கருப்பொருள் பல் மருத்துவம். பல், ஈறு, பற்பசை. வலது கீழ் மூலையில் மைனா. 'எங்கே பறந்தாலும் கண்ணில் படும் (2).'

"இது சாதாரண பறவைதானே?"

"போன வாரமும் இருந்துச்சு. அதுக்கு முந்துன வாரமும் இருந்துச்சு. பாருங்கக்கா."

பார்த்தேன். போன வாரம் அடுக்குமாடி வீடு பற்றிய கட்டத்தில் 'கூண்டைத் திறந்தால் பறந்துவிடும் (2).' அதற்கு முந்திய வாரம் பினாங்கு ஊர்கள். அதில் 'பேசப் பழகும் பறவை (2).' மூன்றிலும் அதே மூலை. அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் பிறகு, ஒரு விடை மாதத்தில் இரண்டு முறை வரக்கூடாது என்பது எங்கள் விதி. நான் கவனிக்கவே இல்லை.

"என் வீட்டுக்காரர் என்னை மைனான்னுதான் கூப்பிடுவாரு. நான் அவர விட்டு வந்து ஒன்றரை வருஷமாச்சு. எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியாது. முத வாரம் கட்டத்துல கெலுகோர் இருந்துச்சா? நான் கெலுகோர்லதான் இருக்கேன். ரெண்டாவது வாரம் மூன்றாவது, பச்சை, கதவு இருந்துச்சா? நான் மூணாவது மாடி. என் வீட்டுக் கதவு பச்சை. இன்னைக்கு பல். நான் பல் கிளினிக்லதான் வேல செய்றேன்."

"கட்டம் போடுறவர் பேரு கட்டழகன்மா. அவரு..."

"அவருக்குக் குறுக்கெழுத்துன்னா உசுரு. கல்யாணம் ஆன புதுசுல எனக்கே தினமும் ஒண்ணு போட்டுக் குடுப்பாரு. நான் நிரப்பி முடிச்சாத்தான் சாப்பாடு." உடனே அடுத்ததைக் கேட்டாள். "உங்க ஆபிஸ்ல யாரு அவருகிட்ட சொன்னது?"

"யாரும் எதுவும் சொல்லலம்மா" என்றேன். உறுதியாகத்தான் சொன்னேன்.

ஃபோனை வைத்தபிறகு எனக்கு வந்த முதல் சந்தேகம் அவள்மேல்தான். கெலுகோரில் எத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எத்தனை கதவுகள் பச்சை. பயந்துபோன மனம் எதிலும் தன்னையே காணும். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டே மூன்று கட்டங்களையும் மேசையில் பரப்பி, சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

கெலுகோரைச் சுற்றி மூன்று புள்ளிகள். பச்சைக்கும் கதவுக்கும் நடுவே நான்கு. மைனா இருந்த மூலைகளில், மூன்று வாரமும், இரண்டிரண்டு. மற்ற இடங்களில் ஒன்றுகூட இல்லை. கடிகாரத்தை அப்படிப் போட்டவன் ஒரு பச்சைக்காக நான்கு வார்த்தைகளை ஒடித்திருக்கிறான்.

அச்சுக்குப் போகாத நான்காவது கட்டம் என் இழுப்பறையில் இருந்தது. கருப்பொருள் கோயில் வழிபாடு. குறிப்புகளை மூடிக்கொண்டு விடைகளை வாசித்தேன். கோபுரம், திருநீறு, கற்பூரம், செவ்வாய், மைனா. அப்புறம், தனியாக.

அந்தோணி சாரிடம் கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்தார்.

"தனியாகன்னு எவனாவது கட்டத்துல போடுவானா? கோயில்ல அதுக்கு என்ன வேல? இந்த எடத்துல எத்தன நல்ல பெயர்ச்சொல் போடலாம். நீ போட்டுப் பாரு."

போட்டேன். ஒரு கறுப்புக் கட்டத்தை நகர்த்தியதும் 'சாமந்தி' உட்கார்ந்தது. அதன்பின் அந்த மூலை முழுவதும் கால்மணி நேரத்தில் நேராக நிரம்பிவிட்டது. எனக்கே கால்மணி நேரம் போதும் என்றால் அவனுக்கு ஐந்து நிமிஷம்.

"அந்தப் பொண்ணு செவ்வாய்க்கிழம எங்க போகும்னு கேளு" என்றார் சார்.

அவள் பேசிய எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"செவ்வாய்க்கிழம நான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் சொல்லத் தொடங்குவதற்குள் வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் ஃபோன் அணைந்திருந்தது. அவள் கணக்கில் நானும் அவனுடைய ஆள் ஆகிவிட்டேன். வேறு எண்ணிலிருந்து அவளே பேச இரண்டு நாள் ஆனது.

அந்த இரண்டு நாளுக்குள்தான் அந்தோணி சார் இன்னொன்று கேட்டார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"கமலா, அவனுக்கு நாம என்ன குடுத்திருக்கோம்?"

"ஒண்ணும் குடுக்கலியே சார்."

"யோசிச்சுப் பாரு. அந்தப் பொண்ணு நம்ம போட்டிக்கு எழுதுதா?"

வாராவாரம் சரியான விடை அனுப்புகிறவர்களில் ஒருவருக்குப் புத்தகம் பரிசு கொடுப்போம். பத்திரிகையில் வரும் கட்டத்தையே வெட்டி, நிரப்பி, கீழே பெயர், முகவரி, ஃபோன் எண் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். அவள் வேறு பெயரில் அனுப்பியிருக்கலாம். ஆனால் புத்தகம் வந்து சேர வேண்டுமே. முகவரியைப் பொய்யாக எழுத முடியாது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் கட்டழகன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். 'அக்கா, வாசகர்கள் எங்க தடுமாறுறாங்கன்னு பார்க்கணும். வந்த விடைகளைக் கொஞ்சம் படம் எடுத்து அனுப்புங்களேன். அடுத்த தடவை இன்னும் நல்லா போடலாம்.' எப்பேர்ப்பட்ட பொறுப்பு என்று மெச்சிக்கொண்டேன். ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட விடைத்தாள்களைப் படம் எடுத்து அனுப்பினேன். கட்டத்தை மட்டுமல்ல, தாளை முழுதாக, பெயர், முகவரியோடு. அவன் நன்றி சொல்லி ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பியிருந்தான்.

சாருக்கு முன்னாலேயே ஃபோனைத் திறந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். பத்தொன்பதாவது படம் 'செல்வி' என்ற பெயரில் கெலுகோர் அடுக்குமாடி ஒன்றிலிருந்து வந்தது. மூன்றாவது மாடி. சின்னச் சின்ன, சாய்ந்த எழுத்து. 'ழ'வின் வால் மட்டும் கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் சுழன்றிருந்தது. பெயரை மாற்றியிருந்தாள். அந்தக் கையெழுத்தில் தினமும் கட்டம் நிரப்பவைத்தவனுக்குப் பெயர் எதற்கு?

"நான்தான் சார் குடுத்தேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதுதான் கடினமாக இருந்தது. "போலீஸ் ரிப்போர்ட்ல இதையும் எழுது. விட்டுராத" என்றார்.

வசந்தி மறுபடி பேசியபோது நான்காவது கட்டத்தைப் பற்றி முழுதாகச் சொன்னேன். படங்களைப் பற்றிச் சொல்லவில்லை. அப்போதுதான் மறுபடி நம்ப ஆரம்பித்திருந்தாள். சொன்னால் ஓடிவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். அன்றே அவள் பட்டர்வொர்த்தில் ஒரு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் போலீஸ் நிலையத்தில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். புகாரை எடுத்த சார்ஜன்ட் ஒரு மலாய்ப் பெண், பொறுமையானவர். நான் குறிப்புகளை ஒவ்வொன்றாக மலாயில் சொல்லச் சொல்ல, எனக்கே என் வார்த்தைகள் வெளிறிப்போயின. கதவு. பச்சை. பல். ஒரு பறவை. "இது பத்திரிகையில வர்ற புதிர்தானே, அக்கா?" என்று மலாயிலேயே கேட்டார். சிவப்புப் புள்ளிகளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, புகாரை எழுதிக்கொள்வதாகவும், கட்டழகனை விசாரிக்க இதைவிடக் கொஞ்சம் உறுதியாக ஏதாவது வேண்டும் என்றும் சொன்னார்.

அலுவலகம் திரும்பும்போது நான்காவது கட்டத்தைக் கிழித்துப்போடலாம் என்றேன்.

"போடலன்னா அவனுக்குத் தெரிஞ்சிரும்" என்றார் அந்தோணி சார். "போடு. ஆனா பத்து எடத்துல மாத்து. அவனுக்கு வேண்டிய மூணு வார்த்தையையும் எடு. அவனோட நல்ல குறிப்பையும் எடு. எதக் கேக்குறான்னு பாப்போம்."

அந்தக் கட்டத்தின் நல்ல குறிப்பு கோபுரம். 'அரசனும் ஊரும் சேர்ந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டும் (4).' கோ, புரம். அதுபோல ஒரு குறிப்பு எனக்கு இருபத்தாறு வருஷத்தில் பத்துத்தான் வந்திருக்கும். அதை எடுத்துவிட்டு 'கோயில் முகப்பில் உயர்ந்து நிற்பது' என்று எழுதினேன். செவ்வாய், தனியாக, மைனா போயின. இன்னும் ஆறு வார்த்தைகளைக் காரணமில்லாமல் மாற்றினேன். ஒரு காற்புள்ளிக்காக என்னோடு அரைமணி நேரம் வாதாடியவன், உண்மையில் கட்டத்தை நேசிப்பவனாக இருந்தால், கோபுரத்துக்காக என்னைக் கிழிக்க வேண்டும். அப்படி நடந்தால் நல்லது என்றுகூட உள்ளூர நினைத்தேன். அவ்வளவு நாள் அவன் எழுத்தை ரசித்தவள் நான்.

புதன் காலை ஏழரைக்கு ஃபோன் அடித்தது. அப்போது நான் வீட்டில் இருந்தேன். ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு எடுத்தேன்.

"அக்கா, காலை வணக்கம். கட்டத்துல என்னமோ மாறியிருக்கே?"

"ஆமா தம்பி, மன்னிச்சிக்க. ஃபைல் கெட்டுப்போச்சு. நேத்து அவசர அவசரமா நானே நிரப்புனேன். நெறைய எடத்துல மாறிருச்சு."

"பரவால்லக்கா." கொஞ்சம் நிறுத்தினான். "மைனாவ ஏன் எடுத்தீங்க?"

ஒலிப்பதிவு ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"பொருந்தல தம்பி."

"செவ்வாயும் இல்ல. தனியாகவும் இல்ல."

"ஃபைல்தான் தம்பி..."

"மத்ததெல்லாம் பரவால்ல. அந்த மூணும் அடுத்த வாரம் வரணும்கா. நான் வேற கட்டம் அனுப்புறேன்." குரல் அதே தாழ்ந்த, மரியாதையான குரல். "யாராச்சும் உங்களுக்கு ஃபோன் பண்ணாங்களாக்கா?"

"யாரு பண்ணுவா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஒலிப்பதிவைக் கேட்டபிறகுதான் சார்ஜன்ட் முதல்முறையாகக் கட்டத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். அடுத்த செவ்வாய் மாலை மலைக்கு இரண்டு பேரை அனுப்புவதாகச் சொன்னார். வசந்தியைத் தவிர அவன் முகம் தெரிந்தவர்கள் நாங்கள்தான் என்பதால் நாங்களும் போனோம். தவறாமல் சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போகும் அந்தோணி சார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முருகன் கோயில் படிக்கட்டின் அடியில் வேர்த்து வழிய நின்றார். இன்னும் வெளிச்சம் இருந்தது. பூக்கடைகளில் கூட்டம். பால்குடம் எடுப்பவர்கள் போல யாரோ ஒரு குடும்பம் மஞ்சள் உடையில் ஏறிக்கொண்டிருந்தது.

அவன் ஆறு மணிக்கு வந்தான். சாமி கும்பிட வந்த ஆளாகத் தெரியவில்லை. படிக்கட்டுக்கு எதிரே, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பார்க்கும்படி ஒரு சுவரில் சாய்ந்து நின்றான். கையில் எங்கள் பத்திரிகை மடித்து இருந்தது. ஒவ்வொரு பெண் இறங்கும்போதும் தலை நிமிர்ந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பாமல் சார்ஜன்ட் அனுப்பியவர்களிடம் "அதோ" என்று சொல்லி முடித்ததும், பின்னால் குரல் கேட்டது.

"அக்கா, நீங்களும் இங்கயா?"

அருகில் வந்துவிட்டிருந்தான். சிரித்தான். அந்தோணி சாரின் கையிலிருந்த செருப்பைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். புதிரைப் போடுகிறவன் அல்லவா. எங்கள் இருவரையும் அந்த இடத்தையும் அந்தக் கிழமையையும் சேர்த்துப் படித்துவிட்டான்.

"அவ வரமாட்டாளா?" என்று கேட்டான்.

அந்தோணி சார்தான், "தம்பி, இவங்க ஒங்ககூடப் பேசணுமாம்" என்று பக்கத்தில் நின்றவர்களைக் காட்டினார். அவன் ஓடவில்லை, சத்தம் போடவில்லை. பத்திரிகையை ஒழுங்காக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு போனான். அது போன புதன்கிழமைப் பத்திரிகை, கட்டம் நிரப்பப்படாமல் இருந்தது.

வசந்தியை அவன் நெருங்கக்கூடாது, தொடர்பு கொள்ளக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதற்கும் பல மாதம் அலைய வேண்டியிருந்தது. பெரிய தண்டனை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இன்றும் எங்கேயோ வேலை செய்துகொண்டுதான் இருக்கிறான். வசந்தி கெலுகோரையும் அந்த வேலையையும் விட்டாள். எங்கள் பத்திரிகையில் விடைத்தாள்களை அலுவலகத்தை விட்டு வெளியே விடுவது நின்றது. வெற்றியாளரின் ஊரை அச்சிடுவதும் நின்றது. அந்தோணி சார் அடுத்த வருஷம் ஓய்வுபெற்றார். அவருக்குப் பிறகு நானும் வந்துவிட்டேன்.

போலீசில் எழுதிக் கொடுத்த அந்தப் படங்களின் விஷயத்தை அவளிடம் நான் நேரில் சொல்லவில்லை. புகார்த் தாளில் இருக்கிறது, வழக்கறிஞர் சொல்லியிருப்பார் என்று ஒரு வருஷத்துக்கும் மேல் ஓட்டினேன். ஓய்வுபெற்ற பிறகுதான், ஒரு பிற்பகலில், ஜார்ஜ்டவுனில் மாமாக் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சந்திக்கலாமா என்று கேட்டேன். வந்தாள். சுவரில் முதுகு படும்படி, வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். தே தாரே என்ற பால்தேநீர் ஆறும்வரை இருவரும் தொடவில்லை.

சொன்னேன். அவன் கேட்டது, நான் படம் எடுத்தது, பத்தொன்பதாவது படம் எல்லாம். என்னை அவன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டேன்.

அவள் அழவில்லை. "வக்கீல் சொல்லல. யாரும் சொல்லல" என்றாள். பிறகு, "நான் வேற பேருலதானே எழுதுனேன்?" என்றாள்.

"கையெழுத்தப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டான்மா. ஒன்னோட 'ழ'..."

தன் கையை விரித்து, யாருடையதோ போலப் பார்த்தாள்.

"வீடு மாத்தினேன். வேல மாத்தினேன். நம்பர் மூணு தடவ மாத்தினேன். கையெழுத்த எப்படிக்கா மாத்துறது?"

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அது மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவே கிடந்தது. அவள் எடுத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை. ஆறிய தேநீரை முழுதாகக் குடித்தாள். பையைத் தோளில் மாட்டினாள். நானும் எழுந்தேன்.

"அக்கா, நீங்க முதல்ல போங்க" என்றாள். "நான் எந்தப் பக்கம் போறேன்னு நீங்க பாக்க வேணாம்."

நான் போனேன். பேருந்து நிறுத்தம் அந்தக் கடை வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. அதில் நிற்காமல், அடுத்த நிறுத்தம் வரை வெயிலில் நடந்தேன்.